பக்கத்து வீட்டில் பூட்டிய ஹால் டிக்கெட்

1. முதல் கேட்

நான் முதன்முதலாக நுழைவுத் தேர்வுக்கு கேட் டியூட்டி பார்த்த அன்று, ஒரு அப்பா கம்பிக்கு வெளியே தரையில் விழுந்து என்னைக் கும்பிட்டார். பாலாநகர் பக்கம் லாரி கவிழ்ந்து வண்டியெல்லாம் நின்றுவிட்டதாம். அவருக்குப் பின்னால் அவர் மகன், கையில் அட்டையும் தண்ணீர் பாட்டிலுமாக, அப்பாவைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நாங்கள் பூட்டுப் போட்டு மூச்சு விடுவதற்குள் வந்தவர்கள்தான். ஆனால் பூட்டியாகிவிட்டது.

நான் குகட்பள்ளிப் பக்கம் ஓர் அரசு ஜூனியர் காலேஜில் பிசிக்ஸ் லெக்சரர். எம்செட் என்ற இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வு நடக்கும் நாளில் எங்கள் காலேஜே ஒரு சென்டர். அன்று எனக்கு மேலே இருந்த சீஃப் சூப்பரின்டென்டென்ட் காலையிலேயே சொல்லியிருந்தார்: "கடியாரம் சூடண்டி மேடம், மொகம் சூடொத்து." கடிகாரத்தைப் பார், முகத்தைப் பார்க்காதே என்று. நானும் அப்படியே செய்தேன். விதி அதுதான், ஒருவனுக்குத் திறந்தால் அடுத்த தெருவில் ஓடி வருகிறவனுக்கும் திறக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அந்த அப்பா மறுபடி வந்தார். "பையன் இந்தப் பக்கம் வந்தானா மேடம்?" என்று கேட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போய்விட்டானாம். மறுநாள் வாரங்கலில் அத்தை வீட்டில் இருப்பது தெரிந்து, அந்த மனிதர் எனக்கும் போன் செய்து சொன்னார். அந்த ஓர் இரவு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு நான் சீஃப் சூப்பரின்டென்டென்ட் ஆகி, ரிட்டயர் ஆகும்வரை, கேட் மூடும் நேரம் வந்தால் என் உள்ளங்கை வேர்க்காத வருஷமே கிடையாது.

2. விசில் அடிக்காத குக்கர்

நான் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழச்சி. குடியிருந்தது ஏ.எஸ்.ராவ் நகரில். அங்கே பொதுத்துறை ஃபேக்டரியிலும் டிஃபென்ஸ் லேப்களிலும் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்டர், அதாவது ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் பிசிக்ஸ் டவுட் கேட்க என் வீட்டுக்கு வருவார்கள். பிள்ளைகளை விட அதிகமாகப் பெற்றோர்கள் வருவார்கள். அது ஐ.டி. கம்பெனிகள் ஊரின் மேற்குப் பக்கத்தைக் கண்ணாடியும் கிரேனுமாக மாற்றிக்கொண்டிருந்த காலம். கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைத்தால் பிழைத்தாய், இல்லாவிட்டால் தொலைந்தாய் என்று எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு.

அப்படி வந்தவர்தான் கோமதி. வீட்டுக்காரர் சங்கரலிங்கம், எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் குவாலிட்டி கன்ட்ரோல் இன்ஜினியர். இரண்டு பேரும் சங்கரன்கோவில் பக்கம்; பெயர்களே அதைச் சொல்லிவிடும். ஒரே பெண் நிவேதா. சீனியர் இன்டர் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ ஹிந்தியிலோ பதில் சொல்லும் பெண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதி மட்டும் தனியாகப் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"நிவி வரலையா?" என்றேன்.

"அவ டெஸ்டு எழுதுதா டீச்சர். டவுட்டு எனக்கு. இந்த ரொட்டேஷன் பாடம் ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு. நான் படிச்சி வச்சேன்னா அவளுக்கு நேரம் மிச்சம்லா."

ஊரில் ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவர், கல்யாணத்துக்குப் பிறகு புத்தகத்தைத் தொட்டதில்லை. அவர் உட்கார்ந்து ஃபார்முலாக்களைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரமும் வந்தார். பிறகு வராத வாரமே இல்லை. விடைத்தாளில் வட்டத்தைப் பென்சிலால் சீக்கிரம் நிரப்புவது எப்படி என்றுகூட வீட்டில் பழகிப் பார்த்து மகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரலில் எப்போதும் பென்சில் கரி.

"அவளுக்கு எல்லாம் வெளங்குதான்னு கேட்டா 'ஹவ் மா, ஹவ் மா'ங்கா. எனக்குத்தான் டீச்சர் ராத்திரியும் பகலும் நெஞ்சு அடிச்சிக்கிடுது." ஹவ் என்றால் எங்கள் ஊர் ஹிந்தியில் ஆமாம்.

ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். டி.வி.யைப் போர்வையால் மூடிக் கயிறு கட்டியிருந்தார்கள். காலிங் பெல்லின் ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். குக்கர் அடுப்பில் இருந்தது. விசில் வரும் நேரம் பார்த்துக் கோமதி ஓடிப் போய்க் கரண்டியால் வெயிட்டை லேசாகத் தூக்கி, ஆவியைச் சத்தமில்லாமல் வெளியே விட்டார். மூடிய கதவுக்குப் பின்னால் நிவி படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் மூன்று பேரும் பூனை மாதிரி நடந்தார்கள். எனக்கு அங்கே உட்கார்ந்து காபி குடிக்கவே பயமாக இருந்தது, டம்ளர் சத்தம் கேட்டுவிடுமோ என்று.

சங்கரலிங்கம் தாழ்ந்த குரலில் எனக்கு விளக்கினார். "ஃபீல்டுல போயி ஃபெயில் ஆகுத பீஸ நாங்க ஷாப்லயே புடிச்சிருவோம் டீச்சர். ஹீட்டு, வைப்ரேஷன் எல்லாம் குடுத்துப் பாத்துருவோம். இவளையும் அப்படித்தான் வாராவாரம் டெஸ்டு பண்ணுதேன்."

"பீஸுக்கு ஹீட் கொடுத்தா அது சாப்பாட்டை ஒதுக்கி வைக்காது சார். பொண்ணு இளைச்சுப் போயிருக்கா" என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

3. நல்ல நேரம்

அந்த வருஷம் எங்கள் சென்டருக்கு நான்தான் சீஃப் சூப்பரின்டென்டென்ட். தேர்வுக்கு முந்தின நாள் பெஞ்சுகளில் நம்பர் ஒட்டும்போது நாமினல் ரோலைப் புரட்டினேன். நாமினல் ரோல் என்பது அந்த சென்டரில் எழுதப்போகும் பிள்ளைகளின் போட்டோவோடு கூடிய பட்டியல். அதில் நிவியின் முகம். எங்கள் சென்டருக்கே வந்திருக்கிறாள். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்த வீட்டுப் பெண் என்று ஒரு வார்த்தை வெளியே போனால், அதற்குக் கண் காது மூக்கு வைத்துவிடுவார்கள்.

அந்த நேரத்தில் ஏ.எஸ்.ராவ் நகரில் நடந்துகொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தேர்வு திங்கட்கிழமை. காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வர வேண்டும். அவர்கள் கிளம்ப வேண்டிய நேரம் சரியாக அதற்குள் விழுந்தது. விடிந்ததும் கிளம்பிவிடலாம் என்றால், வெயிலில் வாசலில் காத்துக் கிடந்து பெண் களைத்துப் போவாள் என்று சங்கரலிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. கோமதி பரஸ்தானம் வைக்கத் தீர்மானித்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்காது. கெட்ட நேரத்தில் கிளம்ப வேண்டியிருந்தால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்துப் பயணத்துக்கான பொருள் ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டு வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு எந்த நேரத்திலும் போகலாம்.

சாதாரணமாக ஒரு வேஷ்டியோ புடவையோ வைப்பார்கள். தேர்வுப் பயணம் ஆயிற்றே, தேர்வுக்கு எது முக்கியமோ அதைத்தான் வைக்க வேண்டும் என்று கோமதிக்குத் தோன்றிவிட்டது. ஹால் டிக்கெட்டை மஞ்சள் பையில் போட்டுப் பக்கத்து வீட்டு மூர்த்தியின் பூஜை அலமாரியில் கொண்டு வைத்தார்.

தேர்வன்றுதான் மூர்த்தியின் மகன் சாஃப்ட்வேர் கம்பெனி வேலையாக அமெரிக்கா கிளம்பினான். விடியற்காலையில் குடும்பத்தோடு ஏர்போர்ட் போனவர்கள், "காலை டிபனுக்கு வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். வழியில் சொந்தக்காரர் வீட்டில் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். மகனைப் பிரிந்த துக்கத்தில் மூர்த்தி செல்போனைப் பார்க்கவே இல்லை. இங்கே இவர்கள் மூன்று பேரும் குளித்து, திருநீறு பூசி, பக்கத்து வீட்டுப் பூட்டின் முன்னால் நின்றார்கள்.

ஹால் டிக்கெட் தபாலில் வரும் காலம் அது. இப்போதுபோல் இன்டர்நெட் சென்டருக்கு ஓடி இன்னொன்று எடுக்க முடியாது. கடைசியில் சங்கரலிங்கம், "நீங்க ஆட்டோவுல போங்க. நான் எப்படியாச்சும் எடுத்துட்டு வாரேன்" என்று அவர்களை அனுப்பிவிட்டுத் தனியாக நின்றார்.

4. கரும்பு ஜூஸ் வண்டி

தேர்வன்று எங்கள் செல்போன்களெல்லாம் ஆபீஸ் பீரோவுக்குள் போய்விடும். நேரம் நெருங்கியதும் ஹால் ஹாலாக ஒரு சுற்று வந்தேன். பிள்ளைகள் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஹாலில் ஜன்னல் ஓரம் ஒரு பெஞ்ச் காலி. நம்பரைப் பார்த்தேன். நிவியின் நம்பர்.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அந்த வீட்டுக் குக்கரும், போர்வை போர்த்திய டி.வி.யும், வாரங்கலுக்குப் போன பையனும் எல்லாம் சேர்ந்து கண் முன்னால் வந்தன. பஸ் கிடைக்கவில்லையா? உடம்புக்கு ஏதாவதா? படபடப்பில் அந்தப் பெண் ஏதாவது செய்துகொண்டிருக்குமோ? அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டுக்குப் போனேன்.

அட்டெண்டர் யாதய்யா சங்கிலியும் பூட்டுமாகத் தயாராக நின்றார். வெளியே பெற்றோர் கூட்டம். பிள்ளைகளை உள்ளே அனுப்பிய பிறகும் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நிற்பார்கள். கடைசியாக ஒரு பையன் ஓடி வந்து நுழைந்தான். சாலை இரண்டு பக்கமும் காலி.

"டைம் அயிப்போதுந்தி மேடம்" என்றார் யாதய்யா, நேரம் முடியப்போகிறது என்று.

அப்போதுதான் பார்த்தேன். எதிர்ப்பக்கம், கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் ஒரு பச்சைத் துப்பட்டா. நிவி. பக்கத்தில் கோமதி. இரண்டு பேரும் கேட்டைப் பார்க்கவில்லை. சாலை வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் புரியவில்லை. தேர்வு எழுத வேண்டிய பெண் வந்து சேர்ந்துவிட்டாள். கேட் திறந்திருக்கிறது. ஏன் அங்கே நிற்கிறாள்?

"நிவி!" என்று கத்தினேன். "உள்ள வா!"

அவள் திரும்பினாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. அங்கிருந்தபடியே, "ஹால் டிக்கெட் லேது மேடம்! டாடி தெஸ்துன்னாரு!" என்றாள். ஹால் டிக்கெட் இல்லை, அப்பா கொண்டு வருகிறார்.

ஹால் டிக்கெட் இல்லாமல் கேட் பக்கம் போனால் நம்பரைக் குறித்துக்கொண்டு மால்பிராக்டிஸ் கேஸ் போட்டுவிடுவார்கள், பிறகு எந்தத் தேர்வும் எழுத முடியாது என்று பெற்றோர் மத்தியில் ஒரு புரளி அப்போது உலவிக்கொண்டிருந்தது. கோமதி அதை நம்பி, மகளை மறைத்து வைத்துக்கொண்டிருந்தார். உண்மை நேர் எதிர். ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் நாமினல் ரோலில் போட்டோவை ஒப்பிட்டு, எழுதி வாங்கிக்கொண்டு, பொறுப்பேற்று உட்கார வைக்கும் அதிகாரம் எனக்கு இருந்தது. நேரம் போனால்தான் எந்த அதிகாரமும் யாருக்கும் கிடையாது. இதை நாங்கள் ஒருவரும் எந்தப் பெற்றோருக்கும் சொன்னதில்லை. இவர்கள் பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், பயப்பட வேண்டாததற்குப் பயந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஹால் டிக்கெட் அப்புறம் வரட்டும். நீ வா!"

அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். நின்றாள். உள்ளே பெல் அடிக்கத் தொடங்கியது. நீளமான கடைசி பெல். யாதய்யா ஒரு கதவைத் தள்ளிவிட்டு, அடுத்த கதவில் கை வைத்தார்.

அவள் ஏன் நின்றாள் என்று அப்போது தெரிந்தது. கோமதியின் கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. கோமதி என்னைப் பார்க்கிறார், ஆனால் நான் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "வேண்டாம்ட்டி, அப்பா வந்துருவா, அப்பா வந்துருவா" என்று உதடு மட்டும் அசைகிறது. மகள் இழுக்கிறாள், அம்மா விடவில்லை.

அதுவரை நான் கோமதியிடம் நீங்க, வாங்க என்று மரியாதையாகப் பேசியவள். அன்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"கோமதி! கைய விடு!"

கை விட்டது. நிவி ஓடி வந்தாள். ஓர் ஆட்டோ அவளை இடிக்காமல் பிரேக் போட்டு நின்றது. அவள் உள்ளே நுழையவும் யாதய்யா கதவைச் சேர்க்கவும் பெல் நிற்கவும் சரியாக இருந்தது.

5. கம்பிக்கு இரண்டு பக்கமும்

வெளியே கூச்சல் கிளம்பியது. "ஹால் டிக்கெட் லேகுண்டா எலா பம்பாரு மேடம்?" என்று ஒருவர், ஹால் டிக்கெட் இல்லாமல் எப்படி உள்ளே விட்டீர்கள் என்று. "உங்க பாஷைக்காரப் பொண்ணுன்னா ரூல் இல்லையா?" என்று தெலுங்கில் இன்னொருவர். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. நான் அவளைத் தமிழில்தான் கூப்பிட்டேன். அவர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

அவளை ஹாலில் உட்கார வைத்துவிட்டு நான் ஆபீசுக்கு வந்ததும், தேர்வைக் கண்காணிக்க வெளியிலிருந்து வந்திருந்த அப்சர்வர் கேட்டார். "தெரிஞ்ச பொண்ணா மேடம்?"

"தெரிஞ்ச பொண்ணுதான் சார். நாமினல் ரோல்ல போட்டோ இருக்கு, நீங்களே வந்து ஒப்பிட்டுப் பாருங்க. தெரியாத பொண்ணா இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன்."

அவர் வந்து பார்த்தார். முகம் ஒத்திருந்தது. "எக்ஸாம் முடியறதுக்குள்ள ஹால் டிக்கெட் வரலேன்னா நான் ரிப்போர்ட் எழுதத்தான் வேணும்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அதனால் இன்னும் பயமாக இருந்தது. எழுதிக் கொடுத்த பேப்பரில் என் கையெழுத்தே எனக்குக் கோணலாகத் தெரிந்தது. வேலை போகுமா, என்கொயரி வருமா, பென்ஷன் என்ன ஆகும் என்று மனம் எங்கெங்கோ போயிற்று. அந்த மனிதர் வராவிட்டால்? வழியில் ஸ்கூட்டரில் விழுந்திருந்தால்?

பாதித் தேர்வு ஓடியிருக்கும். யாதய்யா வந்து கூப்பிட்டார். கம்பிக்கு வெளியே சங்கரலிங்கம், தலையில் கழற்றாத ஹெல்மெட்டோடு. சட்டை முன்பக்கமெல்லாம் இரும்புத் தூள். வாழ்க்கையில் சிவப்பு சிக்னலைத் தாண்டியிராத மனிதர், பக்கத்து வீட்டுப் பூட்டை ஹேக்ஸா பிளேடால் அறுத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மஞ்சள் பையைக் கம்பி வழியாக நீட்டினார்.

அப்சர்வர் ஹால் டிக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். "இதேன்டி மேடம், ஹால் டிக்கெட்டா, பெண்ட்லி கார்டா?" என்றார். கல்யாணப் பத்திரிகையா என்று கேட்கிறார். அப்போதுதான் என் முதுகு நாற்காலியில் சாய்ந்தது.

தேர்வு முடிந்து நிவி வெளியே வந்தபோது நானும் கேட்டில் இருந்தேன். கோமதி ஜூஸ் வண்டி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார்; மூன்று மணி நேரமும் அப்படியேதான் இருந்ததாக வண்டிக்காரர் சொன்னார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. மகளின் கையை எடுத்துத் திருப்பினார். மணிக்கட்டில் நகம் பதிந்த இடம் சிவந்து தடித்திருந்தது. அதைப் பார்த்ததும் உடைந்து அழுதார்.

"நக்கோ மா" என்றாள் நிவி, அழ வேண்டாம் என்று. பிறகு, நான் அவள் வாயால் கேட்டேயிராத தமிழில், "வலிக்கலம்மா. நெசமா வலிக்கல" என்றாள்.

6. இப்போது கேட்டில் நிற்பவர்களுக்கு

மூர்த்தி குடும்பம் வீடு திரும்பியபோது வாசலில் சங்கரலிங்கம் புதுப் பூட்டும் சாவியுமாகக் காவல் நின்றாராம். நிவிக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கவில்லை, எலெக்ட்ரானிக்ஸ் கிடைத்தது. அந்த வீட்டில் குக்கர் மறுபடி விசில் அடித்தது. கோமதி இன்றைக்கும் என்ன சொல்கிறார் தெரியுமா? "பயணம் மொத நாளே நல்ல நேரத்துல தொடங்கிட்டுல்லா டீச்சர், அதான் அவ உள்ள போயிட்டா."

ஆனால் என் வேலையில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். அடுத்த வருஷத்திலிருந்து கேட் மூடுவதற்குச் சற்று முன்னால், நானே வெளியே போய்ச் சாலையின் நடுவில் நிற்பேன். ஹால் டிக்கெட் இல்லாதவர்கள், சென்டர் மாறி வந்தவர்கள், யாராக இருந்தாலும் முதலில் என்னிடம் வாருங்கள், கேஸ் எதுவும் கிடையாது என்று தெலுங்கிலும் ஹிந்தியிலும் தமிழிலும் சொல்வேன். அநேகமாக ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை வெளியே வரும். ஹால் டிக்கெட்டைத் தொலைத்த பிள்ளை, பயத்தில் சட்டையெல்லாம் வாந்தி எடுத்த பிள்ளை. ஒரு தடவை, உள்ளே போகவே மாட்டேன் என்று அழுத பிள்ளை.

அப்போது பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். பிள்ளை எப்படியும் வரும். அதன் கை யாருடைய பிடியில் இருக்கிறது என்று பாருங்கள். அவரைக் கூப்பிடுங்கள்.

நான் டியூட்டி பார்த்த கடைசி வருஷம் ஒரு தகப்பனார் அப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போய் மெதுவாக, "சேயி வதலண்டி சார்" என்றேன். கையை விடுங்கள். அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். அவர் பிடித்திருப்பது அதுவரை அவருக்கே தெரியவில்லை.